முதல் கரையாமல் கொடுப்பது எப்படி? பெங்களூர்த் தமிழர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

அல்சூர் பக்கம் மாலை வகுப்புகளும் கல்லூரி உதவித்தொகையும் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளையில் பல வருடங்களாகக் கணக்குப் பார்த்துவருகிறேன். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், தமிழ்ச் சங்கத்து நண்பர்கள், சின்னச் சின்ன அமைப்புகளை நடத்துகிறவர்கள் என்று பலர் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் வரும் வருமான வரிப் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2025-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் எண்கள் மாறுகின்றன, ஆனால் ஆடிட்டர் முதல் நன்கொடையாளர் வரை எல்லோர் வாயிலும் பழைய எண்கள்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கார்பஸ், எண்டோமென்ட், மூலநிதி என்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ஒருவர் கொடுத்த தொகையை முதலாக வைத்துக்கொண்டு, அதில் வரும் வருமானத்தை மட்டும் அவர் சொன்ன காரியத்துக்குச் செலவழிப்பது. நம் ஊருக்கு இது புதிதே இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, வைத்தவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆடு, விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்று பல கல்வெட்டுகளில் வரும். அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'.

ஆடு சாகும், கிழடும் ஆகும். ஆனால் குட்டி போடும். குட்டிகளில் தேவையானவற்றை மந்தையிலேயே விட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் அது சாவா மூவா ஆடு. பிறந்த குட்டிகளை எல்லாம் விற்றுத் தின்றால் பத்து வருடத்தில் மந்தையும் இருக்காது, விளக்கும் எரியாது. மூலநிதியைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இந்தக் குட்டிக் கணக்குதான், கீழே அது மறுபடியும் வரும்.

பணமாகவும் வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் காசை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்த விவரம் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஒரு காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம்.

வருடா வருடம் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதாதா? எல்லா அமைப்புக்கும் கார்பஸ் கட்டாயமா?

கட்டாயமே இல்லை. புதிதாகத் தொடங்கிய அமைப்புக்கு இன்றைய வாடகையும் ஆசிரியர் சம்பளமும்தான் அவசரம், அதன் கையில் ஐந்து லட்சத்தைக் கொடுத்து 'இதைத் தொடாதே' என்றால் அவர்கள் தவித்துப்போவார்கள். முதலில் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு. அது நிலைத்த பிறகு மூலநிதியைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் சில காரியங்களை வருட நன்கொடையை மட்டும் நம்பி எடுக்கவே கூடாது. ஒரு பெண்ணை மூன்று வருடப் பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் 'இந்த முறை வசூல் சரியில்லை அம்மா' என்று சொல்ல முடியாது. 2020-ல் எங்களுக்கு அந்த நிலைமை கிட்டத்தட்ட வந்தது. வழக்கமாகக் கொடுப்பவர்களில் பலருக்கே வேலை போயிருந்தது. அந்த வருடம் மூன்று பிள்ளைகள் படிப்பை விடாமல் இருந்ததற்கு வங்கியில் கிடந்த சின்ன மூலநிதியின் வட்டிதான் காரணம்.

ஒரு மாணவிக்கு வருடம் 30,000 ரூபாய், என்றென்றைக்கும் கொடுக்க வேண்டும். எவ்வளவு போட வேண்டும்?

பெரும்பாலானவர்கள் போடும் கணக்கு இது: வங்கியில் 7 சதவீதம் கிடைக்கிறது, அப்படியானால் நாலேகால் லட்சம் போதும். போதாது. ஏன் என்பதற்கு எங்கள் பழைய லெட்ஜரைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சிவப்புத் துணி ஒட்டிய நீளப் புத்தகம், மூலைகள் எல்லாம் மடிந்திருக்கும். அதில் 1996-ல் ஒருவர் தன் தாயார் நினைவாக 10,000 ரூபாய் கொடுத்த வரவு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்குப் பரிசு. அப்போது வட்டி 12 சதவீதம், வருடம் 1,200 ரூபாய். முதல் வருடச் செலவுப் பக்கத்தில் 'தமிழ் அகராதி 1, மை பேனா 1, மீதி உறையில்' என்று எழுதியிருக்கிறது. வருடா வருடம் கிடைத்த வட்டி முழுவதையும் செலவழித்தார்கள், அன்றைக்கு அதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. இன்றும் முதல்தொகை அதே 10,000, வட்டி 6.5 சதவீதம், வருடம் 650 ரூபாய். அகராதிக்கே பற்றாது. முதலை யாரும் தொடவில்லை, ஒரு பைசா களவு போகவில்லை, இருந்தும் அந்த அம்மாவின் பேரில் உள்ள பரிசு தேய்ந்துபோய்விட்டது.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். 10 லட்சம் ரூபாய், 7 சதவீதம் என்றால் 70,000 வரும். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பணவீக்க இலக்கு 4 சதவீதம். 10 லட்சத்தில் அந்த 4 சதவீதமான 40,000 ரூபாயை முதலோடு சேர்த்துவிடுங்கள், மீதி 30,000 உங்கள் மாணவிக்கு. அடுத்த வருடம் முதல்தொகை 10,40,000 ஆகிவிடும். உதவித்தொகையும் கொஞ்சம் ஏறும். கல்லூரிக் கட்டணம் பொதுவான விலைவாசியைவிட வேகமாக ஏறுகிறது என்பது பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் நான் 12 லட்சம் என்றே சொல்வேன். அவ்வளவு முடியாது என்றால் 'என்றென்றைக்கும்' என்பதை விட்டுவிட்டு, இந்தத் தொகையை வட்டியும் முதலுமாகப் பத்து வருடத்தில் செலவழித்து முடியுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அதுவும் நல்ல கொடைதான். நாலு லட்சத்தைக் கொடுத்து அதை நிரந்தரம் என்று நம்புவதைவிட நல்லது.

பெரிய இடங்களுக்கும் இந்தப் பாடம் கஷ்டப்பட்டுத்தான் கிடைத்தது. ஆல்ஃபிரட் நோபல் 1895-ல் எழுதிய உயிலில் பணத்தைப் பாதுகாப்பான பத்திரங்களில் போடச் சொன்னார். அதைப் பெரும்பாலும் கடன் பத்திரங்கள் என்று எடுத்துக்கொண்டதால் பரிசின் உண்மை மதிப்பு பல பத்தாண்டுகள் குறைந்துகொண்டே போனது. 1953-ல்தான் பங்குகளிலும் முதலீடு செய்ய ஸ்வீடன் அரசு வழிவிட்டது.

அந்தப் பரிசை 1930-ல் வாங்கிய நம் சி.வி.ராமன், பெங்களூரில் 1948-ல் தொடங்கிய ராமன் ஆய்வுக்கழகத்துக்காகத் தன் சொத்துகளை இந்திய அறிவியல் அகாதெமிக்குக் கொடுத்தார். 1970-ல் அவர் மறைந்த பிறகு அதற்கென்றே ஒரு பொது அறக்கட்டளை அமைத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினார்கள். 1972-லிருந்து அரசு நிதியும் வருகிறது. அந்தக் கழகம் இருக்கும் மேக்ரி சர்க்கிள் வழியாகப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்: கொடுத்தவர் போன பிறகு யார், எந்தப் பத்திரத்தின் கீழ் பொறுப்பு ஏற்பது என்பதைத் தெளிவாகச் செய்ததால்தானே அந்த இடம் இன்றும் நடக்கிறது.

வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறாரே, அப்புறம் எப்படி 40,000 ரூபாயை முதலோடு சேர்ப்பது?

நல்ல கேள்வி, நிறைய பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வரிவிலக்குக்காகச் செலவழிக்க வேண்டிய 85 சதவீதம் என்பது அறக்கட்டளையின் மொத்த வருமானத்துக்கு, ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனியாக அல்ல. உதாரணமாக உங்களுக்குப் பொது நன்கொடை 8 லட்சமும் மூலநிதி வட்டி 70,000 ரூபாயும் வருகிறது. மொத்தம் 8,70,000. இதில் 15 சதவீதம், அதாவது 1,30,500 வரை, காரணம் சொல்லாமலே சேர்த்து வைக்கலாம். உங்கள் 40,000 அதற்குள் அடங்கிவிடும்.

வட்டியை மட்டுமே நம்பி நடக்கும் அறக்கட்டளைக்குத்தான் சிக்கல், 70,000-ல் 15 சதவீதம் வெறும் 10,500. அவர்கள் ஒரு பகுதியைப் லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் உள்ளேயே சேர்க்கும் பரஸ்பர நிதி வளர்ச்சித் திட்டத்தில் வைத்திருப்பது உதவும், விற்காத வரை அந்த வளர்ச்சி வருமானக் கணக்கில் வராது. குறிப்பிட்ட காரியத்துக்காக ஐந்து வருடம் வரை சேர்த்து வைக்க 11(2) பிரிவில் தனி வழி இருக்கிறது, ஆனால் அதைக் கட்டடம், வாகனம் போன்ற செலவுக்குத்தான் நினைக்க வேண்டும்.

கார்பஸ் பணத்தை எங்கே போடலாம்? நல்ல கம்பெனிப் பங்குகளை வாங்கக் கூடாதா?

நேரடியாகப் பங்கு வாங்க முடியாது. 11(5) பிரிவு சொல்லும் இடங்களில்தான் போட வேண்டும்: அரசுப் பத்திரம், வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, பரஸ்பர நிதி, அசையாச் சொத்து, இன்னும் சில. கார்பஸாக வாங்கிய தொகைக்கு அந்தக் கார்பஸுக்கென்றே தனியாக வைத்த முதலீடு இருந்தால்தான் வரிவிலக்கு என்று 2021 நிதிச் சட்டம் திருத்திவிட்டது. நடப்புக் கணக்கிலேயே எல்லாவற்றையும் கலந்து வைத்திருக்கிறவர்கள் உடனே பிரிக்க வேண்டும். யாராவது பங்குகளையே நன்கொடையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் விற்று மாற்றிவிட வேண்டும்.

கார்பஸ் நன்கொடை என்று எப்படிக் கொடுப்பது? செக் பின்னால் எழுதினால் போதுமா?

தனிக் கடிதம் கொடுங்கள். கொடுப்பவர் எழுத்தில் சொன்னால்தான் அது கார்பஸ், வாங்கியவர்கள் பிற்பாடு தாங்களாக அப்படி எழுதிக்கொள்ள முடியாது. கடிதம் பெரிய இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் வைத்திருக்கும் மாதிரி:

'இத்துடன் கொடுக்கும் 5,00,000 ரூபாய் உங்கள் அறக்கட்டளையின் கார்பஸின் பகுதியாக இருக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். இதன் வருமானத்தில் விலைவாசி உயர்வை ஈடுகட்டும் அளவை முதலுடன் சேர்த்துவிட்டு, மீதியை அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் கல்லூரிக் கட்டணத்துக்குச் செலவிட வேண்டும். இந்த நோக்கம் நடைமுறையில் முடியாமல் போனால் இதற்கு மிக நெருக்கமான கல்விப் பணிக்கு அறங்காவலர்கள் பயன்படுத்தலாம்.'

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து விடாதீர்கள். தட்டச்சு வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதி வைத்த ஒரு நிதியை எனக்குத் தெரியும். இன்று தட்டச்சு வகுப்பே அந்தப் பக்கம் இல்லை, பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. நீதிமன்றம் போய் நோக்கத்தை மாற்றலாம்தான், ஆனால் வக்கீல் செலவு முதலைவிட அதிகமாகிவிடும்.

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி கிடைக்குமா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும், கார்பஸ் நன்கொடைக்கும் உண்டு. புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடையாது. சாதாரணமாக அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பாதி கழியும், அதுவும் மொத்த வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்புக்குள். 30 சதவீத வரி கட்டுகிறவர் 1 லட்சம் கொடுத்தால் 50,000 கழிந்து, செஸ்ஸையும் சேர்த்து 15,600 ரூபாய் வரி மிச்சம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. நிலம், நகை, பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. அமைப்பு மே 31-க்குள் நன்கொடை விவரப் படிவமான 10பிடி-யைத் தாக்கல் செய்து உங்களுக்கு 10பிஇ என்னும் நன்கொடைச் சான்றிதழைத் தர வேண்டும், வரவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பெயர் வெளியில் தெரியக் கூடாது என்று ஒருவர் கொடுக்கிறார். வாங்கலாமா?

மேடையிலும் மலரிலும் பெயர் போடாமல் இருக்கலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அனாமதேய நன்கொடை ஆகி, ஓர் அளவுக்கு மேல் போனால் அமைப்பு 30 சதவீதம் வரி கட்ட வேண்டிவரும். அதைச் சொன்னால் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள்.

உயிலில் எழுதி வைக்க ஆசை. என்ன செய்ய வேண்டும்?

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது உங்கள் விருப்பம், செய்தால் நல்லது. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், இது மட்டும் தப்பவே கூடாது. பயன்பெறும் அமைப்பைச் சேர்ந்தவர்கள் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட வயதில் இளையவராகப் பார்த்து, உயிலை நிறைவேற்றுகிறவராக ஒருவரை நியமியுங்கள். அமைப்பின் பதிவுப் பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் எழுதுங்கள். 'அல்சூர் தமிழ்ப் பள்ளிக்கு' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள்.

இறந்தவர் சொத்துக்குப் போட்ட எஸ்டேட் வரி இந்தியாவில் 1985-லேயே போய்விட்டது, உயில் வழியாகக் கொடுப்பதற்கு 80ஜி-யும் இல்லை. அமெரிக்காவில் பெரிய சொத்துக்காரர்கள் உயிலில் கொடுப்பதற்கு வரி ஒரு காரணம். இங்கே மனசு மட்டும்தான் காரணம், அதனால்தான் இதைப் பற்றிப் பேசும்போது ரொம்பக் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜீவன் பீமா நகரில் ஒரு டீச்சரம்மா இருந்தார். பிள்ளைகள் இல்லை, தம்பி மகன்கள் இரண்டு பேர். ஒருநாள் போன் செய்து, 'தம்பி, எல்லாத்தையும் உங்க டிரஸ்டுக்கே எழுதிடறேன், வந்து வாங்கிட்டுப் போங்க' என்றார். போனேன். பழைய விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் வீடு, வைப்புத்தொகை, நாலு வளையல் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. 'உங்க தம்பி பிள்ளைங்களுக்கு இது தெரியுமா டீச்சரம்மா?' என்று கேட்டேன். தெரியாது. அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், எங்கள் அறக்கட்டளையோடு சம்பந்தமில்லாத வக்கீலைப் பாருங்கள், அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் ஆனது. வீடு தம்பி மகன்களுக்கு, மற்றச் சொத்துகளில் 20 சதவீதம் எங்களுக்கு என்று முடிவானது. மாடி வீட்டுக்காரரும் டீச்சரம்மாவின் டாக்டரும் சாட்சி. ரூபாய்த் தொகையாக எழுதாமல் சதவீதமாக எழுதச் சொன்னது வக்கீல்தான், மருத்துவச் செலவில் சேமிப்பு கரைந்தாலும் யாருக்கும் அநியாயம் ஆகாது என்றார். டீச்சரம்மா காலமான பிறகு காசோலையைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தத் தம்பி மகன்களில் மூத்தவர். வீட்டில் முன்கூட்டிச் சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியது வக்கீல் நோட்டீஸ்.

வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும்வரை அதிலேயே இருக்க முடியுமா?

முடியும். தானப் பத்திரத்தில் ஆயுள் உரிமையை உங்களுக்கு வைத்துக்கொண்டு சொத்தை மாற்றலாம், அப்படிச் செய்தாலும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பத்திரம் பதிவாக வேண்டும், முத்திரைத் தீர்வை உண்டு. ஆனால் உயிலைப் போல மனசு மாறினால் கிழித்துப் போட முடியாது. ஒரே வீடு உள்ளவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. எழுபது வயதில் முதியோர் இல்லத்துக்கு முன்பணம் கட்ட அந்த வீட்டை விற்க வேண்டி வரலாம். இருக்கிற ஒரே கூரையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், எங்களுக்கும்தான்.

நாமினியாக அறக்கட்டளையின் பெயரைப் போட்டுவிட்டால் போதாதா?

வங்கிக் கணக்குக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும். அது போக, நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கிறவர், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்குகள் விஷயத்திலும் இதையே உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதிசெய்தது. உயில்தான் பேசும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தர்மத்துக்கு உயில் எழுதக் கட்டுப்பாடு உண்டு என்று அப்பா சொல்வார்.

அப்பா சொன்னது அன்றைக்குச் சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு தடை வைத்திருந்தது. சாவதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2003-ல் ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் இன்னும் பழைய பயத்தோடு இருக்கும் பெரியவர்களைப் பார்க்கிறேன், அவர்களிடம் சொல்லுங்கள். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் உயில் வழியாகக் கொடுக்கக் கூடியது மூன்றில் ஒரு பங்கு.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், அவளும் கொடுக்க விரும்புகிறாள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அவளுடைய சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான். பதிவு இல்லாத சின்ன அமைப்பு 'பரவாயில்லை, அப்பா கணக்கில் போடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்று சொன்னால் அந்த அமைப்பிடமிருந்து விலகி நில்லுங்கள்.

அறங்காவலர்கள் முதல்தொகையிலேயே கை வைத்துவிட்டால் என்ன செய்ய முடியும்?

இது நடக்கிறது. நான் முன்பு உதவிசெய்துவந்த ஓர் அமைப்பில், பெயர் சொல்ல விரும்பவில்லை, அரங்கம் கட்ட என்று உதவித்தொகைக் கார்பஸை உடைத்தார்கள். ஒருவரும் சொந்தப் பையில் போட்டுக்கொள்ளவில்லை, அதுதான் வேதனை. இரண்டு வருடத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நம்பினார்கள். கட்டடம் பாதியில் நின்றது, ஏழு பிள்ளைகளுக்கு உதவித்தொகை நின்றது. கூட்டத்தில் நான் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் கொடுக்கும்போதே கேளுங்கள்: வருடம் ஒரு முறை என் நிதியின் முதல், வருமானம், செலவு, சேர்த்த தொகை என்று ஒரு பக்கக் கணக்கு வருமா? வைப்பை உடைக்க எத்தனை பேர் கையெழுத்து வேண்டும்? சட்டப்படி பார்த்தால், கார்பஸிலிருந்து செய்யும் செலவு 85 சதவீதக் கணக்கில் சேராது, விதிகளுக்கு உட்பட்டு ஐந்து வருடத்துக்குள் திருப்பி வைத்தால் திருப்பி வைத்த வருடத்தில் சேரும். நிலைமை ரொம்ப மோசமானால் பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். பழைய கல்வெட்டுகளில் கொடையைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, இந்தத் தர்மத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்று வெட்டியிருப்பார்கள். கொடுத்தவர், தான் பார்க்கப்போகாத ஓர் அறங்காவலரை வணங்கிவிட்டுப் போகிறார். பொறுப்புக்கு வருகிறவர்களிடம் நான் இந்த வரியைப் படித்துக் காட்டுவதுண்டு.

எங்களைப் போன்ற சின்ன அமைப்பு யாரிடம் போய்க் கேட்பது? பெரிய பணக்காரர்கள் யாரையும் தெரியாதே.

பத்து வருடமாக மாதம் 500 ரூபாய் அனுப்புகிறவரைத்தான் முதலில் பாருங்கள். உங்கள் வேலையை நம்பி இவ்வளவு காலம் இருந்தவர் அவர். ஆண்டு அறிக்கையின் கடைசியில் 'உயிலிலும் எங்களை நினைத்துக்கொள்ளலாம், விவரத்துக்கு அழையுங்கள்' என்று ஒரு வரி போடுங்கள், அதற்கே அழைப்பு வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடமோ துக்க வீட்டிலோ இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அழைத்தவர் வீட்டுக்கும் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள்.

பெயர் வைப்பதில் தவறே இல்லை. கண்டோன்மென்ட் தமிழர்களுக்கு ஆற்காடு நாராயணசாமி முதலியாரைத் தெரியாமல் இருக்காது. இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரி கட்டட வேலையை நடத்தியவர், 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். ஆர்பிஏஎன்எம்எஸ் என்று இன்றும் அவர் பெயரில்தான் அந்தக் கல்வி நிறுவனங்கள் நடக்கின்றன. அந்தப் பெயரைப் பார்த்துத்தானே நமக்கும் கொடுக்கத் தோன்றுகிறது.

எங்கள் சங்கத்தில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று முப்பது பழைய அறக்கட்டளைச் சொற்பொழிவு நிதிகள் இருக்கின்றன. வட்டி பேச்சாளரின் ஆட்டோவுக்குக்கூட வரவில்லை. என்ன செய்வது?

முதலில் ஒவ்வொன்றின் கடிதத்தையும் தேடி எடுங்கள். கடிதம் இல்லாதவற்றுக்கு அந்த வருட மலர், ரசீதுப் புத்தகம், நிர்வாகக் குழுத் தீர்மானம் எதிலாவது நோக்கம் இருக்கும். அப்புறம் குடும்பத்தாரைக் கண்டுபிடியுங்கள். பலருக்குத் தாத்தா பேரில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சொன்னால் தொகையைக் கூட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரே நோக்கமுள்ள நிதிகளைக் குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு ஒன்றாகச் சேர்த்து, ஒரே விழாவில் எல்லாப் பெயர்களையும் படித்து நடத்துங்கள். ஆனால் கணக்கில் ஒவ்வொன்றும் தனி வரியாகவே இருக்கட்டும். இரண்டு வருடம் நிகழ்ச்சியை நிறுத்தி வட்டியை முதலோடு சேர்க்கலாமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், 15 சதவீதத்துக்குள் அடங்கினால் செய்யலாம்.

எங்கள் 1996 லெட்ஜர்காரரின் மகனை எச்.ஏ.எல். குடியிருப்பில் கண்டுபிடித்தோம். பக்கத்தைத் திறந்து காட்டியபோது 'தமிழ் அகராதி 1' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இரண்டு லட்சம் கொடுத்தார். இந்த முறை கடிதத்தில், வட்டியிலிருந்து முதல்தொகையின் 4 சதவீத அளவு முதலுக்கே என்று அவரே தன் கையால் எழுதினார். அந்த வருடம் பரிசு வாங்கிய பெண் அகராதி வேண்டாம், பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் வேண்டும் என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தோம்.